பதினைந்தாம் நிமிடத்தில் கோடு இல்லை

மார்ச் 3, செவ்வாய்

அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ என்னை முடிக்க விடுவதில்லை. நானும் உன்னை முடிக்க விடுவதில்லை என்று நீ சொல்வாய். அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் குறுக்கே பாய முடியாதல்லவா, இப்போது என்ன செய்வாய்? கடிதத்தை சாம்பிள் பெட்டியின் வெளிப்பையில் வைத்திருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் பெட்டி உன் ஆய்வகத்துக்கு வரும், காலியாக எனக்குத் திரும்பும். நோய்க்காக இந்த ஊரை அடைத்ததிலிருந்து வெளியே போய்வர அனுமதி உள்ள ஒரே ஜீவன் அந்தப் பெட்டிதான்.

முதலில் சண்டை. உங்கள் தலைமை அலுவலகம் புதுப் படிவம் அனுப்பியிருக்கிறது. இறந்தவரின் கைபேசி எண் கட்டாயமாம். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் வாங்க மாட்டேன் என்கிறது. 'முடிவு இவருக்குத் தெரிவிக்கப்பட்டதா?' என்று இன்னொரு கட்டம். ஆம் என்று போடட்டுமா, இல்லை என்று போடட்டுமா? இதைத் தயாரித்த புண்ணியவான் பிணவறைப் பக்கம் ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருப்பானா? வேறு வழியில்லாமல் எல்லாருக்கும் என் எண்ணையே போடுகிறேன். தினமும் எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது: 'தங்களுக்கு நோய்த்தொற்று இல்லை. நலமுடன் வாழ வாழ்த்துகள்.'

அடுத்தது டெஸ்ட் கிட். முப்பது டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எனக்குக் கொடுத்த ஸ்டோர் ரூமோ தகரக் கூரை. மத்தியானத்தில் உள்ளே போனால் அப்பளம் பொரிக்கலாம். ஏசி கேட்டேன், 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. ஃபேன் கேட்டேன், அதற்கும் அதே பதில். போன மாதம் ஒன்பதாம் தேதி நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பாடி வைக்கிற குளிர் அறையில் மேல் தட்டு காலியாக இருந்தது. கிட் மொத்தத்தையும் அங்கே மாற்றிவிட்டேன். இப்போது அவை சொகுசாக இருக்கின்றன, நான்தான் வேர்வையில் குளிக்கிறேன்.

மற்றபடி வேலை பழகிவிட்டது. விபத்தோ, முதுமையோ, எதில் செத்திருந்தாலும் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்கிறேன், மருந்தில் முக்கிப் பட்டையில் சொட்டு விடுகிறேன், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். இரண்டு கோடு வந்தால் நோய் உண்டு, கவச உடை போட்ட நாலு பேர் எடுத்துப் போவார்கள். ஒரு கோடு என்றால் சொந்தக்காரர்கள் கொண்டுபோகலாம். கடைசியாக இரண்டு கோடு பார்த்தது பிப்ரவரி ஆறு. இன்றோடு இருபத்தைந்து நாள். நாற்பத்திரண்டு நாள் சுத்தமாகப் போனால் ஊரைத் திறப்பார்கள். அப்பாவிடம் சொல், இருபதாம் தேதி சாயங்காலம் வீட்டில் இருப்பேன்.

தம்பி

மார்ச் 6, வெள்ளி

தம்பிக்கு,

உன் எழுத்தைப் படிப்பதற்குத் தனியாக ஒரு மெஷின் வேண்டும். படிவத்தைப் பற்றி நான் மூன்று முறை மேலே எழுதிவிட்டேன். 'உயிருள்ளவர்களுக்கான படிவத்தைத்தான் மாற்றி அனுப்பினோம், அனுசரித்துப் போகவும்' என்றார்கள். அனுசரித்துப் போ. எனக்கு மட்டும் இங்கே என்ன வாழ்கிறதாம்? உன் கிட் முடிவை உறுதிப்படுத்துகிற மெஷின் ஒரு மாதமாகப் படுத்துக் கிடக்கிறது. ஒரு சின்ன பாகம் வரவேண்டும். உன் சாம்பிள் எல்லாம் என் ஃப்ரீசரில் அடுக்கடுக்காக உறங்குகிறது. 'கிட் முடிவே போதும்மா, அதை வச்சு நாள் எண்ணுங்க' என்று பெரிய சார் சொல்லிவிட்டார். பதவி உயர்வுக்கு முன்னால் நோய் ஒழிந்தது என்று மேடையில் சொல்ல அவருக்கு ஆசை.

போன வாரம் மாடிவீட்டு அம்மா கேட்டாள், "செத்தவங்களுக்கு எதுக்கும்மா டெஸ்ட்டு? மருந்து குடுக்கப் போறீங்களா?" என்று. உயிரோடு இருக்கிறவன் காய்ச்சலை மறைத்துவிடுவான், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான், சாவை மறைக்க முடியாது, நோய் எந்தத் தெருவில் ஒளிந்திருக்கிறது என்று செத்தவர்தான் காட்டிக்கொடுப்பார் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து என் கையால் காபி வாங்கிக் குடிப்பதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். பதில் எங்கே சொல்கிறார்? இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு வரவில்லை. கேட் சத்தம் கேட்டால் மட்டும் கண் வாசலுக்குப் போகிறது. வருகிறவன் பால்காரன் என்று தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். 'பொணத்து மூக்கைக் குடையறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன், இனிமே என் முகத்துல முழிக்காதே' என்று அன்றைக்குச் சொன்னவர்தான் இவர். நீயும் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். டாக்டர் இந்த மாதம் தாண்டுவது கஷ்டம் என்கிறார். இருபதாம் தேதி என்றால் இருபதாம் தேதி வந்துவிடு. அவர் உன்னைத்தான் தேடுகிறார் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

அக்கா

மார்ச் 10, செவ்வாய்

அக்கா,

முப்பத்திரண்டு. இன்னும் பத்தே நாள். பையைக் கட்டி வைத்துவிட்டேன், சிரிக்காதே.

நேற்று நடந்ததைக் கேள். பெயின்டர் ஒருவர் மொட்டைமாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார். அவருடைய தம்பி தையல்காரர், கழுத்தில் டேப்போடு அப்படியே ஓடி வந்திருந்தார். நான் பஞ்சுக்குச்சியை எடுத்ததும் என் மேல் பாய்ந்தார். "எங்க அண்ணன் மாடியிலேர்ந்து விழுந்து செத்தாரு! மூக்குல என்னத்தடா தேடுறே? அங்க என்ன மாடியா இருக்கு?" என்று கத்தினார். நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். எனக்கும் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? ஆனால் சொந்த அண்ணன் செத்துக் கிடக்கும்போது என்னைப் போல ஒருத்தன் குச்சியோடு வந்து நின்றால் நானும் அடித்திருப்பேன்.

பதினைந்தாம் நிமிடத்தில் ஒரே கோடு. "இல்லைங்க, எடுத்துட்டுப் போகலாம்" என்றேன். அந்த மனுஷன் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் கவச உடையெல்லாம் ஈரம். இந்த வேலையில் சந்தோஷம் என்று ஒன்று உண்டென்றால் அது 'இல்லை' என்று சொல்லும் நிமிடம்தான். பத்து ஊர்க்காரர்கள் திட்டியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கழிந்துபோகிறது.

அப்பாவுக்கு எது பிடிக்கும் இப்போது? கஞ்சி மட்டும்தான் இறங்குகிறதா? நான் வந்ததும் சவரம் செய்துவிடுகிறேன், உன் கை நடுங்கும்.

தம்பி

மார்ச் 13, வெள்ளி

தம்பிக்கு,

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. திங்கட்கிழமை மெஷினுக்குப் பாகம் வந்தது. பழைய சாம்பிள்களை ஓட்ட ஆரம்பித்தேன். உன் 118-ம் எண், பிப்ரவரி 24, பாசிட்டிவ். சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதேதான். அதுவும் லேசாக இல்லை, கண்ணைக் குத்துகிற அளவுக்கு.

பெரிய சார் என் மேஜைக்கே வந்து நின்றார். "ஒரே ஒரு சாம்பிள், பழசு. பெட்டியில ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கலாம்மா. உங்க தம்பி வேற அங்கதான் இருக்காரு, யோசிச்சுச் செய்ங்க" என்றார். எனக்காகப் பேசுவது போலவே பேசினார். அவர் போனதும் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முடிவை அனுப்பும் பட்டனை நான் தட்டவில்லை என்றால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இருபதாம் தேதி நீ வருவாய், அப்பா உன்னைப் பார்ப்பார்.

அனுப்பிவிட்டேன்.

நாள் கணக்கு பிப்ரவரி 24-லிருந்து மறுபடி ஓடும். ஏப்ரல் 7 வரை நீ வர முடியாது. அப்பாவால் அதுவரை இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஒன்று சொல். இவ்வளவு அழுத்தமான பாசிட்டிவ் உன் பட்டையில் எப்படித் தெரியாமல் போனது? கிட்டைக் கையில் எடுப்பதிலிருந்து தூக்கிப் போடுவது வரை நீ செய்வதை ஒன்று விடாமல் எழுது.

அக்கா

மார்ச் 17, செவ்வாய்

அக்காவுக்கு,

ஒரு மாதம் படுத்துக் கிடந்த மெஷின் எழுந்ததும் முதல் வேலையாக என் கழுத்தை அறுத்திருக்கிறது. நீயும் கத்தியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாய். அப்பா எனக்கும் அப்பாதானே? நீ தினமும் பார்க்கிறாய், கஞ்சி கொடுக்கிறாய், உனக்கென்ன? ஒரு போன் செய்து, 'டேய், இப்படி வந்திருக்கு, என்ன செய்யட்டும்?' என்று கேட்க உனக்கு மனசு வரவில்லை. கேட்டால் நான் அனுப்பாதே என்று சொல்லிவிடுவேன் என்று பயம், அதுதானே?

118-ஐ எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அறுபது வயது அம்மா, மஞ்சள் காமாலை என்று எழுதியிருந்தது. இரண்டு மருமகள்கள் வந்து அழுதுகொண்டே எடுத்துப் போனார்கள். பட்டையில் ஒரே கோடுதான். என் கண்ணில் ஒன்றும் புரை விழவில்லை.

நான் செய்வது வேண்டுமா? எழுதிக்கொள். குளிர் அறைக் கதவைத் திறக்கிறேன். மேல் தட்டிலிருந்து ஒரு கிட்டை எடுத்து, உறையைக் கிழித்து, அங்கேயே சாம்பிள் எடுத்துச் சொட்டு விடுகிறேன். பட்டை ஜில்லென்று இருக்கும், கையுறைக்கு மேலேயே தெரியும். பதினைந்து நிமிடம், ஒரு வினாடி கூடக் குறையாமல், கூடாமல். அதற்கு மேல் பார்க்கக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது, பார்ப்பதில்லை. உடனே குப்பையில். என்னைப் போல ஒழுங்காகச் செய்கிறவன் உங்கள் ஜில்லாவிலேயே கிடையாது. போதுமா?

தம்பி

மார்ச் 20, வெள்ளி

தம்பிக்கு,

அந்தக் குளிர்ந்த கிட்டைத் தொடாதே என்று செவ்வாய்க்கிழமை போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் காரணத்தை நிதானமாகச் சொல்லவேண்டும், அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றுகொண்டே படித்தேன். 'ஜில்லென்று' என்ற இடத்தை இரண்டாம் முறை படித்தேன். ஒரு கிட்டை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, நிச்சயமாக நோய் இருக்கிற சாம்பிளை விட்டுப் பார்த்தேன். பதினைந்தாம் நிமிடத்தில் கோடு இல்லை. இருபத்தேழாம் நிமிடத்தில்தான் இரண்டாவது கோடு லேசாக வந்தது. இன்னொரு கிட்டை அரை மணி நேரம் மேஜை மேல் வைத்துவிட்டுச் செய்தேன். பன்னிரண்டாம் நிமிடமே பளிச்சென்று இரண்டு கோடு. குளிரில் பட்டை மந்தமாக ஓடுகிறதடா. வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகே பிரிக்க வேண்டும் என்று உள்ளே இருக்கிற துண்டுத்தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. உனக்குப் பயிற்சி கொடுத்தவன் அதை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். நீயும் வாசித்திருக்க வேண்டும். அந்த மேல் தட்டைப் பற்றி நீ முதல் கடிதத்திலேயே பெருமையாக எழுதியிருந்தாய், நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். நானும்தான்.

பிப்ரவரி ஒன்பதிலிருந்து நீ 'இல்லை' என்று சொன்ன அறுபத்து நான்கையும் ஓட்டி முடித்துவிட்டேன். 118-ஐத் தவிர இன்னும் இரண்டு. ஒன்று மார்ச் 7, அந்த அம்மாவின் மூத்த மருமகள். இன்னொன்று மார்ச் 9, அதே தெரு. மாடியிலிருந்து விழுந்த பெயின்டர். காய்ச்சலில் தலை சுற்றித்தான் விழுந்திருக்க வேண்டும்.

அவருடைய தம்பியைத் தேடு. இனி ஏப்ரல் 20.

அக்கா

மார்ச் 24, செவ்வாய்

அக்கா,

தேடும் குழுவோடு நானே போனேன். போக வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. கடை பூட்டியிருந்தது. வீட்டில் அவர் மனைவி, "வெளியூர் போயிருக்காருங்க" என்றாள். ஊரே அடைத்துக் கிடக்கிறது, வெளியூராம். பின்னறையில் இருமல் சத்தம் கேட்டது. பழைய துணிமூட்டைகளுக்கு நடுவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். மூன்று நாள் காய்ச்சல். என்னை அடையாளம் தெரிந்தது.

"நீதானே இல்லன்னு சொன்னே?" என்றார்.

கத்தவில்லை, அக்கா. கத்தியிருந்தால் தேவலை. ஆமாங்க, தப்பா சொல்லிட்டேன் என்றேன். "நீ இல்லன்னு சொன்னதாலதான் அண்ணன் முகத்தை நான் துடைச்சேன்" என்றார். அவரை வார்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். மருமகள் வீட்டிலிருந்தும் இரண்டு பேரை, ஒன்று சின்னக் குழந்தை. மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் மூன்று பேரும் என் மேஜைக்குத்தான் வந்திருப்பார்கள் என்று வார்டு டாக்டர் சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா தெரியவில்லை.

மேலே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், என் கையெழுத்தோடு. ஸ்டோர் ரூம் தகரக் கூரையையும் எழுதினேன். நேற்று ஃபேன் வந்தது. ஒன்றல்ல, மூன்று. அதைப் பார்த்ததும் எடுத்து அடித்து உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

அப்பா எப்படி இருக்கிறார்? போனை அவர் காதில் வைக்கிறாயா? பதில் வேண்டாம், கேட்டால் போதும். நாளைக்கு மத்தியானம் கூப்பிடுகிறேன்.

தம்பி

மார்ச் 27, வெள்ளி

தம்பிக்கு,

நீ புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டாய். அவர் காலையிலேயே போய்விட்டார். போனில் இருவரும் அழுதோம், ஒன்றும் பேசவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன், உனக்குத் தெரியவேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'அவன் வரத்தான் இருந்தான்ப்பா. நான்தான் வர விடாம பண்ணிட்டேன்' என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கோபத்தில் பிடித்தாரா, சரி என்று பிடித்தாரா, எனக்குத் தெரியவில்லை. உனக்கு நல்லதாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதற்காக இட்டுக்கட்ட மாட்டேன். இறுக்கமாகத்தான் பிடித்தார்.

இங்கேயும் இப்போது ஒவ்வொரு சாவுக்கும் சோதனை உண்டு. எனக்கு மட்டும் விலக்கா என்ன? ஒரு பெண் வந்தாள், வேலைக்குச் சேர்ந்து நாலு நாள் ஆகிறதாம். ஐஸ் பெட்டியிலிருந்து கிட்டை எடுத்து உடனே கிழிக்கப் போனாள். நிறுத்து என்றேன். அதை மேஜை மேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திரு என்றேன். வீடு நிறையச் சனம். சித்தப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், "பெத்த அப்பனை வச்சுக்கிட்டு பரீட்சை நடத்துறா பாரு." அத்தை வாய்விட்டே திட்டினாள். மொத்தம் முக்கால் மணி நேரம், ஒருவரையும் அப்பாவைத் தொட விடவில்லை. நானும் தொடவில்லை. சுவரோரமாக நின்று கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக எனக்கு நீ அனுப்புவது வெறும் குழாயும் எண்ணும்தான். அந்த முக்கால் மணி நேரம் எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இல்லை என்று வந்தது. அதற்கப்புறம்தான் அவர் முகத்தில் கை வைத்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கு எடுத்தார்கள். உனக்காகக் காத்திருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்கா

மார்ச் 31, செவ்வாய்

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் பெட்டி கிளம்பிவிட வேண்டும்.

நீ அனுப்பாமல் இருந்திருந்தால் இருபதாம் தேதி வந்திருப்பேன். ஐந்து நாள் அவரோடு இருந்திருப்பேன். அதை நினைக்காமல் ஒரு பொழுது போவதில்லை. உன் மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். உன் இடத்தில் நான் இருந்தால் நானும் அனுப்பியிருப்பேன் என்று எழுத ஆசைதான். பெரிய மனுஷத்தனமாக இருக்கும். ஆனால் எனக்குத் தெரியவில்லை, அக்கா. உண்மையாகவே தெரியவில்லை. தையல்காரர் நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அவர்களைப் பார்த்தால் நீ செய்தது சரி. அறைக்கு வந்து கட்டி வைத்த பையைப் பார்த்தால் சரியில்லை. இப்படித்தான் இருக்கிறேன்.

இன்று காலையில் ஒரு பாடி வந்தது. ஸ்கூல் வாத்தியார் ஒருவர், நெஞ்சுவலி. கிட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் ஆகும் என்று சொன்னேன். மூத்த மகன் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துவிட்டான். "வேணும்னே இழுத்தடிக்கிறியா? உன் வீட்டுல சாவு விழுந்தா இப்படி உட்கார வைப்பியா நீ?" என்று கேட்டான்.

நான் சொன்னேன், "போன புதன்கிழமை எங்க அப்பா செத்துட்டாரு. எங்க அக்கா உட்கார வச்சா. முக்கால் மணி நேரம்."

சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டான். "நீங்க போகலையா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டான். கிட்டின் குளிர் விடுகிற வரைக்கும் அவனோடு உட்கார்ந்திருந்தேன். அவன் அவனுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னான், நான் நம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

ஒரு கோடுதான் வந்தது. சாம்பிள் பெட்டியில் இருக்கிறது, எண் 181. அதையே முதலில் ஓட்டு. மெஷினும் இல்லை என்று சொன்ன பிறகே எடுப்பேன் என்று அந்தப் பிள்ளை உன் பதிலுக்குக் காத்திருக்கிறான்.

தம்பி